உஷார் பட்டியல்

தம்பி, அந்தப் பொட்டிய ஒட்டறதுக்கு முன்னால வீடியோ எடுத்தீங்களா?

எடுக்கலையா? அப்பப் பிரிங்க. வெக்கப்படாதீங்க, பிரிங்க. டேப்பு அந்தக் கவுண்டர்லயே இருக்குது, நான் கேட்டு வாங்கித் தர்றேன். சர்வர் வரலீன்னு அந்த அம்மிணி சொல்லி இருவது நிமிசமாச்சு. இன்னும் அரை மணி நேரத்துக்கு வராது. இந்தக் கூரியர் ஆபீசுக்கு வாரத்துல மூணு தடவ வர்றவன் நானு, எனக்குத் தெரியும். சும்மாதான உக்காந்திருக்கறோம்.

கேமராவா? சரி. யாருக்குப் போகுது, மதுரைக்கா? பணம் வந்துருச்சா? வந்துருச்சுன்னு அவங்க அனுப்புன படத்துல பாத்தீங்களா, பேங்குல பாத்தீங்களா? அது ரெண்டும் வேற வேறங்க. படம் யாரு வேணாலும் பண்ணலாம். ஆங், பேங்குலயே பாத்துட்டீங்கன்னா சரி. இப்பப் போன எடுங்க, நான் புடிச்சுக்கறேன். கேமராவக் காட்டுங்க. அடியில நம்பர் இருக்குமே, அதக் கிட்டக்கக் காட்டுங்க. ஆன் பண்ணி ஒரு படம் எடுங்க. என்னையவே எடுங்க, பரவால்ல. ஆச்சா? இப்பப் பொட்டில வைங்க. நடுவுல வீடியோ நிக்கப்படாது, ஒரே ஓட்டமா இருக்கோணும். டேப்பு ஒட்டுங்க. ஒட்டுன எடத்துல குறுக்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான். நாளைக்கு அந்த மதுரைக்காரன் பொட்டிக்குள்ள செங்கல்லு இருந்துச்சுன்னு சொன்னா, இந்த வீடியோதான் உங்களக் காப்பாத்தும்.

நன்றியெல்லாம் எதுக்குங்க. என்ற பேரு கனகசபாபதி. பம்புசெட்டுக் கம்பெனி ஒண்ணுல ஸ்டோர் கீப்பரா இருவத்தாறு வருசம் இருந்தவன். ஒரு வாசர் எச்சா போவாது, ஒரு நட்டுக் கொறையாது. அப்பேர்ப்பட்டவன நாலு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் ஏமாத்திப்புட்டான்ங்க. பேப்பர் படிக்கலாம்னு ஆன்லைன் ஏலத்துல ஒரு டேப்லெட் எடுத்தேன். பழசுதான், ஆனாப் புதுசாட்ட இருந்துச்சு படத்துல. பொட்டி வந்தன்னிக்கு எங்க ஊட்ல ஒறம்பற. மக, மாப்பிள்ள, சம்பந்தி வீட்டாளுக எல்லாம் இருந்தாங்க. பெருமையாப் பிரிச்சேன். உள்ள ஒரு சிலேட்டு. பள்ளிக்கூடத்துல எழுதுவாங்களே, அதேதான். மரச்சட்டம் போட்டது. எடைக்கு எட நிறுத்து வச்சிருக்கான்.

மாப்பிள்ள கேட்டாரு, "ஏன் மாமா, முதியோர் கல்வில சேந்துட்டீங்களா?"

சிரிக்காதவங்க யாருமில்ல. என்ற சம்சாரம் கோமதி, அவளும் சிரிச்சா. சேலத் தலப்ப வாயில வச்சுட்டு சிரிச்சா. இப்பக்கூட ஒறம்பறயில எவனாவது "சிலேட்டு மாமா" ன்னு பின்னால பேசறது என்ற காதுல விழும்.

அன்னிக்கு முடிவு பண்ணேங்க. இனி என்னைய ஒருத்தன் ஏமாத்தோணும்னா அவன் பொறந்துதான் வரோணும்.

ஒக்காந்து படிச்சேன். யாரு எப்படி ஏமாத்தறான்னு ஒண்ணு விடாமப் படிச்சேன். பட்டாளத்துல இருக்கறேன், வண்டிச் செலவு மட்டும் முன்னால அனுப்புங்கன்னு ஒருத்தன் சொல்லுவான். பணம் குடுக்கறேன், இந்தக் கட்டத்த ஸ்கேன் பண்ணுங்கன்னு இன்னொருத்தன் சொல்லுவான். பணம் வாங்கறதுக்கு எதுக்குங்க ஸ்கேன் பண்ணோணும்? பண்ணுனா நம்ம பணம் போயிரும். விக்கிறவனே வேற பேர்ல ஏலத்துல நின்னு வெலய ஏத்துவான். கடைசி அஞ்சு நிமிசத்துல புதுப் பேரு ஒண்ணு வந்து முட்டுச்சுன்னா நீங்க வெலகிக்கோணும். திருட்டுப் போனா இருக்கும், பொட்டியில இருக்கற நம்பரும் போன்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாக்கோணும். பழைய ஆளோட கணக்கு அதுல இருந்து கழண்டுருச்சான்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கோணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. ஒருத்தன் அழுதான்னா நம்பாதீங்க. நல்ல பொருள விக்கிறவனுக்கு அழுகறதுக்கு என்னங்க இருக்குது?

எங்க பக்கத்து ஆளுகளுக்குன்னே ஒரு ஏலக் குழு இருக்குது, போன்லதான். பதினோராயிரம் பேரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஏலம் முடியும். அதுல நான் நடத்தறது "உஷார் பட்டியல்". எவன் ஏமாத்தறானோ அவன் பேரு, ஊரு, நம்பர், படம், எல்லாம் போட்டுருவேன். சிவப்புல வட்டம் போட்டு. அறுவத்தி மூணு பேரப் போட்டிருந்தேன். ஒண்ணுகூடத் தப்பில்ல. ஊருக்குள்ள எனக்கு ஒரு மரியாத வந்துச்சுங்க. எவனாவது ஒரு போனு வாங்கோணும்னாக் கூட என்னையக் கேக்காம வாங்க மாட்டான். மாப்பிள்ளயே ஒரு நாள் கூப்புட்டாரு. "மாமா, ஒரு லேப்டாப் பாத்து வச்சிருக்கறேன், சித்தப் பாத்துச் சொல்றீங்களா?" சிரிக்கல அன்னிக்கு.

அறுவத்தி நாலாவது ஆளப் பத்தித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நீங்க சின்ன வயசு, எளகின மனசாட்டத் தெரியுது. கேட்டுக்கோங்க.

போன ஆவணில கவுந்தப்பாடியில இருந்து ஒருத்தரு ஒரு டேப்லெட்ட ஏலத்துக்குப் போட்டாரு. பத்து இஞ்சு, பச்சக் கலர் ஒற, ஒரு கீறல் கெடையாது. நான் வீடியோ கால்ல கூப்புட்டு எல்லாத்தையும் பாத்தேன். ஒழுங்காப் பேசுனாரு. கணக்கக் கழட்டச் சொன்னேன், கழட்டுனாரு. ஏழாயிரத்து எட்நூறுக்கு எனக்கு முடிஞ்சுது. சொன்ன நாள்ல பொட்டி வந்துச்சு. நானும் ஒரே ஓட்டமா வீடியோ எடுத்துட்டுப் பிரிச்சேன். எல்லாம் சுத்தம்.

ஒண்ணே ஒண்ணு. அந்தாளு கணக்கக் கழட்டுனாரே தவர, உள்ள ஒரு ஆப் அப்படியே இருந்துச்சு. வந்த அன்னிக்கே நான் மொத்தத்தையும் அழிச்சிருக்கோணும். அழிக்கல. அது என்ற தப்புதானுங்க, ஒத்துக்கறேன். இந்த விசயத்துல நான் பண்ணுன தப்பு அது ஒண்ணுதான்.

அந்த ஆப்ப எதேச்சையாத் தொறந்தது கோமதி. பக்கம் பக்கமாப் பொத்தான். கலர் கலராக் கட்டம், ஒவ்வொண்ணுலயும் நாலு எழுத்து. ஒண்ண அமுத்துனா. "ஏனுங்க, சாப்புட வாங்க" ன்னு ஒரு பொம்பள கொரலு. நான் முன் ரூம்புல இருந்து எந்திரிச்சே வந்துட்டேன். கோமதிதான் கூப்பிடறான்னு நெனச்சு.

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. எட்டுப் பக்கம், பக்கத்துக்குப் பதினாலு, மொத்தம் நூத்திப் பன்னெண்டு பொத்தான் இருந்துச்சு. நான் எண்ணுனேன். "மாத்தரய எங்க வச்சீங்க". "மழ வருது, துணிய எடுங்க". "எனக்கு வேண்டாம், நீங்க சாப்புடுங்க". "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்புட்டேன்". இப்படியே. ஒரு பொத்தான்ல பேச்சே இல்ல, வெறும் சிரிப்பு. கோமதி அத ஒரு வாரம் வச்சு வெளயாண்டா. அடுப்படியில நின்னுட்டு என்னையச் சாப்புடக் கூப்புடறதுக்கு அதத்தான் அமுத்துவா. "யாரோ நல்ல மகராசியா இருந்திருப்பாங்க போலங்க, கொரலப் பாருங்க" ன்னு சொல்லுவா. சரி, அவளுக்குப் பொழுது போகுதுன்னு உட்டுட்டேன்.

எட்டாவது நாள் ஒரு போன் வந்துச்சுங்க.

"அண்ணா, வணக்கமுங்ணா. நான் கவுந்தப்பாடியில இருந்து ஆறுச்சாமி பேசறனுங்ணா. டைலரு. என்ற தம்பி உங்களுக்கு ஒரு டேப்லெட் வித்துட்டானுங்க."

வித்த பொருளுக்கு அப்பறம் போன் வந்தாலே நான் உஷாராயிருவேன். "அதுக்கென்ன இப்ப?" ன்னேன்.

"அது என்ற சம்சாரத்துதுங்ணா. வசந்தாமணின்னு பேரு. தொண்டையில கேன்சருங்க. கொரல்வளைய எடுத்துட்டா இனிப் பேச முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. ஆப்பரேசனுக்கு முன்னால ஒரு வாரம் ஒக்காந்து, வேணுங்கற பேச்சையெல்லாம் அதுல பேசி வச்சாளுங்க. அதுக்கப்பறம் பதினாலு மாசம் அத அமுத்தித்தானுங்க எங்ககிட்டப் பேசுனா. ஆடியில தவறிட்டாளுங்ணா. நான் கொடுமுடிக்குக் காரியத்துக்குப் போயிருந்தப்ப, அதப் பாத்தாப் பாத்தா நான் அழுகறேன்னு தம்பி வித்துப்புட்டான். அவன் நல்லதுக்குத்தான் பண்ணுனான். எனக்கு அது வேணுமுங்ணா. நீங்க குடுத்ததுக்கு ரெண்டு பங்காக் குடுத்தர்றேன்."

கேட்டீங்களா தம்பி? ரெண்டு பங்கு! ஏழாயிரத்து எட்நூறுக்கு வித்தத எவனாவது பதினஞ்சாயிரம் குடுத்துத் திரும்ப வாங்குவானா? பொண்டாட்டி செத்துப்போச்சு, கேன்சரு, கொடுமுடி, எல்லாம் ஒரே மூச்சுல. அழுக வேற. யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன்.

அடுத்த நாளே கூப்புட்டாரு. இப்ப வேற மாதிரி.

"அண்ணா, டேப்லெட்டு நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு அந்தக் கொரலு மட்டும் போதும். தம்பி சொல்றான், அந்த ஆப்புக்குள்ள போனா வேற போனுக்கு மாத்தறதுன்னு ஒண்ணு இருக்குமாமா. அத அமுத்துனா ஆறு நம்பர் வருமாமா. அந்த ஆறு நம்பர மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டுங்ணா. அவ கொரலு என்ற போனுக்கு வந்துரும்."

ஆறு நம்பர்! தம்பி, இதுக்கு மேல என்ன வேணும்? ஆறு நம்பரச் சொல்லி வீட்ட இழந்தவங்க, நெலத்த இழந்தவங்க எத்தன பேரு. நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சே நின்னுட்டேன். இவ்வளவு வருசம் படிச்சதெல்லாம் என்ற கண்ணு முன்னால வந்து நிக்குதுங்க. மொத நாள் கதை, ரெண்டாம் நாள் ஆறு நம்பரு. நான் பேச்ச வளத்து எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணேன். அன்னிக்கு மத்தியானமே உஷார் பட்டியல்ல ஏத்திட்டேன். அறுவத்தி நாலு. "செத்த மனைவி குரல் மோசடி" ன்னு தலப்பு. பேரு, ஊரு, நம்பரு, அந்தாளு பேசுன பேச்சு. அவரு போன்ல வச்சிருந்த படமும் போட்டேன், அணை மேல அவரும் ஒரு பொம்பளயும் நிக்கறது. அவரச் சுத்தி மட்டுந்தான் நான் வட்டம் போட்டேன். கீழ எவனோ "கூட இருக்கறது கூட்டுக் களவாணியா" ன்னு எழுதியிருந்தான். அத நான் எழுதலீங்க.

ஒரே நாள்ல ஊரெல்லாம் போயிருச்சு. அந்தாளுக்கு நூத்துக்கணக்குல போன் போயிருக்குது. செத்த பொண்டாட்டியப் பேசச் சொல்லுடான்னு கேட்டிருக்கறாங்க. பள்ளிக்கூட யூனிபாரம் தெக்கற ஆர்டர் ஒண்ணு வச்சிருந்தாராமா, அதையும் நிறுத்திப்புட்டாங்களாமா. இதெல்லாம் அவரு வாயாலயே சொன்னதுதான். நேர்ல வந்து.

ஆமாங்க, வந்துட்டாரு! அவரு தம்பி கூரியர் பொட்டியில ஒட்டுன என்ற விலாசத்த வச்சுட்டு. நாளைக்கு உங்க பொட்டி மேல எழுதறப்பவும் உங்க முழு விலாசம் எழுதாதீங்க, போன் நம்பர் போதும்.

ஒரு புதங்கெழம, காலைல பதினோரு மணி இருக்கும். மெலிஞ்ச ஆளு, அம்பது வயசு இருக்கும், கழுத்துல அளவு நாடா தொங்குது, கழட்டி வைக்கக்கூட மறந்துட்டு பஸ் ஏறியிருக்கறாரு. கையில ஒரு மஞ்சப் பை. கோமதி உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சுத் தண்ணி குடுத்துட்டா. நான் கூப்புட்டிருக்க மாட்டேன்.

பையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து வச்சாரு. ஆஸ்பத்திரிச் சீட்டு. எறப்புச் சான்றிதழு. கல்யாணப் போட்டோ. அப்பறம் ஒரு புது டேப்லெட்டு, சீல் ஒடைக்காதது.

"இத நீங்க வச்சுக்கோங்ணா. அதுக்கும் இதுக்கும் ஒரே அளவுதான், கடையில கேட்டு வாங்குனேன். அதைய எனக்குக் குடுத்துருங்க."

நீங்களே யோசிங்க. புதுசக் குடுத்துப் பழச எவன் கேப்பான்? அப்பப் பழசுல என்னமோ இருக்குதுன்னுதான அர்த்தம்? நான் சீட்டையெல்லாம் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். முத்திரையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. சரியா இருக்கறதுதான் எனக்கு ஒதைச்சுது.

"உங்க சம்சாரத்துதுதான்னு நான் எப்படி நம்பறது?" ன்னு கேட்டேன். டேப்லெட்ட எடுத்துட்டு வந்து, அவருக்குத் தெரியாத மாதிரி என்ற பக்கம் திருப்பி வச்சுக்கிட்டேன். "மூணாவது பக்கம், ரெண்டாவது வரி, கடைசிப் பொத்தான். என்ன வரும்?"

அவரு கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டாரு. "மழ வருது, துணிய எடுங்க" ன்னாரு.

அமுத்துனேன். மழ வருது, துணிய எடுங்க.

"ஆறாவது பக்கம், மொத வரி, நடுவுல."

"மோட்டார நிறுத்துங்க, தண்ணி போயிட்டிருக்குது."

அமுத்துனேன். அதேதான்.

இப்படி ஒரு நாப்பது கேட்டிருப்பேனுங்க. ஒரு பொத்தான் தப்பல. அவரு சொல்லி முடிப்பாரு, நான் அமுத்துவேன், அந்தம்மா கொரலு வரும், அவரு மூஞ்சி அப்படியே ஒரு மாதிரி ஆகும். அப்பறம் அடுத்ததக் கேப்பேன். ஒரு நேரத்துல அவரே, "கேளுங்ணா, இன்னும் கேளுங்ணா" ங்கறாரு. அந்தக் கொரலக் கேக்கறதுக்காகச் சொல்றாரா, இல்ல என்னையச் சோதிக்கறாரான்னு எனக்குச் சந்தேகமாப் போச்சு.

ஏழாவது பக்கத்துல ஒரு பொத்தான் செவப்பு. அதக் கேட்டதும், "அது மட்டும் வேண்டாமுங்ணா" ன்னாரு.

ஏன்னேன்.

"அது 'வலிக்குதுங்க' ன்னு வருமுங்க. அவ அதப் பேசி வைக்கறப்ப வலியே இல்ல. வலி இல்லாம எப்படி வலிக்குதுன்னு சொல்றதுன்னு அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. நானும் எதுக்கால ஒக்காந்துட்டுச் சிரிச்சேன். சிரிச்சுட்டே சொல்லி வச்சுட்டா. கடைசி ரெண்டு மாசம் ஒரு நாளைக்கு அம்பது தடவ அதத்தான் அமுத்துனாளுங்க. அவ துடிச்சுட்டு அமுத்துவா, அது சிரிச்சுட்டே சொல்லும்."

எப்படிக் கட்டறாங்க பாத்தீங்களா கதைய? நான் அமுத்துனேன். சோதிக்காம உட முடியுமுங்களா? "வலிக்குதுங்க" ன்னு வந்துச்சு. சிரிச்சுட்டேதான். அவரு ரெண்டு காதையும் பொத்திட்டாரு.

அடுப்படி வாசல்ல இருந்து கோமதி, "போதுமுங்க, குடுத்துருங்க" ன்னா.

"நீ உள்ள போ" ன்னேன்.

தம்பி, உங்க மூஞ்சிய நான் பாக்காம இல்ல. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். அந்தாளு சொன்னதெல்லாம் நெசம். அப்பவும் நான் என்ன பண்ணியிருக்க முடியும்? பதினோராயிரம் பேருகிட்ட அறுவத்தி நாலாவது பேரு தப்புங்கன்னு நான் எழுதோணும். ஒண்ணு தப்புன்னா மீதி அறுவத்தி மூணும் சரிதானான்னு கேக்க மாட்டாங்களா? அவனுக அத்தன பேரும் கெளம்பி வர மாட்டானுகளா, என்ற பேரையும் எடு, என்ற பேரையும் எடுன்னு? அப்பறம் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துராதா? ஒரு ஆளுக்காக மொத்த ஒழுங்கையும் ஒடைக்க முடியுமுங்களா?

அதுவுமில்லாம, இந்தச் சமாசாரத்த அப்படியே உட்டா அந்தாளு நாளைக்கும் வருவாரு, நாளான்னிக்கும் வருவாரு. உள்ள ஒண்ணு இருக்கற வரைக்கும் ஆசை இருக்கும். ஆசை இருக்கற வரைக்கும் ஏமாத்தறதும் இருக்கும், ஏமாறறதும் இருக்கும். அந்த வேரையே புடுங்கிறோணும்னு தோணுச்சு.

அவர எதுக்கால ஒக்கார வச்சுட்டே செட்டிங்குக்குள்ள போனேன். எல்லாத்தையும் அழிக்கறதுன்னு ஒண்ணு இருக்கும். அழிக்கட்டுமான்னு அது கேக்கும். ஆமான்னா, மறுபடியும் ஒருக்கா, நெசமாத்தானா, திரும்ப வராதுன்னு கேக்கும். மனுசன விட ஜாக்கிரதையானதுங்க அந்த மிசினு. அந்த ரெண்டாவது கேள்விக்கு நான் வெரல வைக்கப் போறப்ப அவரு கைய நீட்டுனாரு. தட்டிவிடறதுக்குன்னு நெனச்சேன். இல்ல. கும்புடறதுக்கு வந்த கை, பாதியிலயே நின்னு போச்சு.

அமுத்திட்டேன்.

ஒரு வட்டம் சுத்துச்சுங்க. நாலு நிமிசம் இருக்கும். ரெண்டு பேரும் அதையேதான் பாத்துட்டிருந்தோம். அப்பறம் வெள்ளையா வந்து, வணக்கம், மொழியத் தேர்ந்தெடுங்கன்னு கேட்டுச்சு.

"முடிஞ்சுதுங்களா?" ன்னு கேட்டாரு.

"முடிஞ்சுது."

"இனி வராதுங்களா?"

"வராது. இப்ப வேணும்னா எடுத்துட்டுப் போங்க" ன்னு டேப்லெட்ட நீட்டுனேன். பாருங்க, நான் அதையும் குடுக்கத் தயாராத்தான் இருந்தேன். ஒரு பைசா வேண்டாம்னேன். வாங்கலீங்க. எந்திரிச்சு, கோமதி நின்ன பக்கம் திரும்பி ஒரு கும்புடு போட்டாரு, போயிட்டாரு. கொண்டாந்த புது டேப்லெட்டு, சீட்டு, கல்யாணப் போட்டோ, எல்லாம் அப்படியே மேச மேல. வாசல்ல ஒரு கால்ல அவரு செருப்பையும் இன்னொரு கால்ல என்ற செருப்பையும் போட்டுட்டுப் போயிருக்கறாரு. நல்ல தோல் செருப்புங்க அது.

அடுத்தவன் பொருளு நமக்கெதுக்கு? மக்கியா நாளே, விடிஞ்சதும், அந்தப் புது டேப்லெட்டையும் சீட்டையும் போட்டோவையும் வீடியோ எடுத்துப் பொட்டி கட்டி, இதே கவுண்டர்ல, என்ற செலவுல தாட்டிவிட்டேன். கெடச்சதுன்னு கையெழுத்து வாங்கி வச்சிருக்கறேன், காட்டட்டுமா? என்ற ஒத்தச் செருப்புத்தான் இன்னும் வரல. அதுக்கு யாருகிட்டப் போய்க் கேக்கறது.

கோமதி அன்னிக்குச் சமைக்கல. சாயங்காலம் என்ற எதுக்கால வந்து நின்னுட்டு, "அந்த மொத நாள்ல ஒரு பொத்தான அமுத்தி, ரெக்கார்டு பண்ணி நான் மகளுக்கு அனுப்புனேன், வெளயாட்டுக்கு. அது என்ற போன்ல இருக்கும். அதையாச்சும் அவருக்கு அனுப்பி வைக்கறேன்" ன்னா.

அது இல்லீங்க. நான் முன்னாலயே அழிச்சிருந்தேன். மொத போன் வந்த அன்னிக்கே கோமதி போன வாங்கிப் பாத்து, அந்தச் சாதனத்துல இருந்து வந்தது எதுவும் இருக்கப்படாதுன்னு எடுத்துட்டேன். மக போன்லயும் எடுக்கச் சொல்லிட்டேன். வைரசு கிய்ரசு இருந்துச்சுன்னா என்ன பண்றது? அவ போன இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளிப் பாத்தா. அப்பறம் என்னையப் பாத்தா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. "சரி" ன்னா, அவ்வளவுதான்.

இப்பத் திருப்பூர்ல மக வீட்ல இருக்கறா. அஞ்சு மாசமாச்சு. முழங்கால் வலி அவளுக்கு, எங்குளுது மாடி வீடு, மகளுது கீழ் வீடு, அதுனால. நான் வாரா வாரம் போன் பண்றேன். மகதான் எடுப்பா. அம்மா தூங்குது, அம்மா கோயிலுக்குப் போயிருக்குதும்பா. பொம்பளைகளுக்கு அங்க பேச்சுத் தொணை இருக்குதுல்ல. வந்துருவா.

எனக்குச் சமையலெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்லீங்க. வட்டல்ல சோத்தப் போட்டு வச்சுட்டு டிவி பாத்துட்டே ஒக்காந்திருப்பேன். திடீர்னு சாப்புடக் கூப்புட்ட மாதிரி இருக்கும். எந்திரிச்சு அடுப்படி வரைக்கும் போயிருவேன். கோமதி கொரலுன்னா பரவால்ல, முப்பத்தோரு வருசப் பழக்கம். இது அந்தப் பொம்பள கொரலு. ஒரு வாரந்தானுங்க கேட்டேன்! காது டாக்டரப் பாக்கோணும். வயசானா இப்படி வருமாமா.

போன மாசம் அந்தாளு மறுபடியும் கூப்புட்டாரு. பழைய நம்பர நான் எடுக்காத மாதிரி பண்ணி வச்சிருந்தேன், இது வேற நம்பரு, தெரியாம எடுத்துட்டேன். டேப்லெட்டக் கேக்கல. பட்டியல்ல இருந்து பேர எடுக்கச் சொல்லிக்கூடக் கேக்கல.

"அண்ணா, கோவப்படாதீங்க. ஒரே ஒரு சந்தேகமுங்ணா. நீங்க ஒரு வாரம் கேட்டிருக்கறீங்க. 'ஏனுங்க' ன்னு கூப்புடறப்ப அவ கடைசில இழுப்பாளுங்களா, இல்ல நறுக்குனு நிறுத்திருவாளுங்களா? நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். எனக்கு மறந்து போச்சுங்ணா. கேட்டுச் சொல்றதுக்கு வேற யாருமில்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "இந்தப் பேச்சு ரெக்கார்டு ஆகுது" ன்னேன். வச்சுட்டேன். அந்த நம்பரையும் அடைச்சுட்டேன். ஒண்ணுக்குப் பதில் சொல்லீட்டா அவ்வளவுதான் தம்பி, அடுத்து இன்னொண்ணு கேப்பான், அப்பறம் இன்னொண்ணு. எங்கயோ ஒரு எடத்துல ஆறு நம்பர்ல வந்து நிக்கும்.

இழுப்பாங்க தம்பி. லேசாத்தான், ஆனா கடைசில கொஞ்சம் மேல தூக்கி இழுப்பாங்க. ஏனுங்ங்க...ன்னு. நறுக்குனெல்லாம் நிக்காது.

எந்திரிங்க, சர்வர் வந்துருச்சு. பொட்டிய மட்டும் கைய விட்டு எடுக்காதீங்க, ரசீது கைக்கு வர்ற வரைக்கும்.